படத்தில் இல்லாத ஓடக்காரி

திரையில் அந்த ஆற்றை அவர்கள் இரண்டு வினாடியில் கடந்துவிட்டார்கள். இந்தக் கரையில் ஏழு பேர் நின்றார்கள். இசை ஒரு முறை ஏறி இறங்கியது. அந்தக் கரையில் ஏழு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கும் கால்கூட நனையவில்லை. தேனி தியேட்டரின் மேட்னி காட்சியில் நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "யம்மா, உக்காரு, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உட்கார்ந்தேன். இதே ஆற்றைக் கதையில் கடக்க, போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய என் மாமாவின் கிட்டங்கியில், எங்களுக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

பெரிய கதையைப் படமாக்கும்போது காணாமல் போவது என்ன என்ற கேள்வி அப்போதுதான் என்னைப் பிடித்தது. பிடித்தது என்றால், கழுத்தைப் பிடித்தது. ஏனென்றால் பக்கத்து நாற்காலியில், கிட்டங்கியில் காய் பிரிக்கும் கூடலூர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததே அந்த ஆற்றைப் பார்க்கத்தான்.

"ஓடக்காரி எங்கத்தா?" என்றார் என் காதோரம்.

"வருவாக்கா" என்றேன். வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டிகிரி முடித்துவிட்டு, மேலே படிக்க இடம் கிடைத்ததா என்ற கடிதத்துக்காகக் காத்திருக்கும் மாதங்கள் இவை. சும்மா இருக்க எனக்கு வராது. மூட்டைகளுக்குச் சீட்டு எழுத ஆள் வேண்டும் என்று மாமா சொன்னதும் கிட்டங்கிக்குப் போய்விட்டேன். அங்கே எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, முறம் போன்ற சொளகில் காயைக் கொட்டி, கொழுத்த பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. காது சும்மா இருந்தது. சும்மா இருக்கும் எட்டு ஜோடிக் காதுகளைப் பார்த்ததும் எனக்கு வாய் அரித்தது.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய ஆங்கில மாயக்கதை ஒன்று, மூன்று பாகம், தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும். ஒரு நாட்டின் மழையையே ஒருவன் திருடிக்கொண்டு போய்விடுகிறான்; அதை மீட்க ஏழு பேர் கிளம்புகிறார்கள். இதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"மழையத் திருடினவன் எங்கன கொண்டுபோயி வச்சான்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"காஞ்சு கெடக்குற ஆண்டிபட்டிப் பக்கம் வைக்கல, அது மட்டும் நிச்சயம்" என்றாள் இன்னொருத்தி. சொளகுகள் குலுங்கின.

அன்றிலிருந்து கேள்விகள்தான். ஏழு பேரும் காலையில் என்னத்தைச் சாப்பிட்டாக? ரொட்டியா, தொட்டுக்கிட என்ன? கூட்டத்துல ஒரு பொம்பளகூட இல்லையே, துணிய யாரு தொவச்சாக? நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஆற்றங்கரைக்கு வந்தபோது ஓடக்காரி வந்தாள். ஏழு பேரை அக்கரை சேர்த்துவிட்டு, கூலி வாங்காமல் படகைத் திருப்பிக்கொண்டு போகிறவள்.

கூடலூர் அக்கா அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கூடலூரில் பிறந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் மலைக்கு மேலே கேரளத் தோட்டத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து, மறுநாள் காலை ஜீப்பில் மலையேறிவிடுவார். அன்று சொளகைக் கீழே வைத்துவிட்டு, "அவளுக்கு ஆளு இருக்கா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதினோரு நாள் பதில் சொன்னேன். ஓடக்காரிக்கு ஒரு மகன் வந்தான், போனான். அவள் இடுப்பில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் வந்தது. ஏழாவது நாள் கூடலூர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஏலத்தூசி என்றார்.

இதற்கிடையில் அந்தக் கதை தமிழ் பேசிக்கொண்டு தேனிக்கு வந்தே விட்டது, படமாக. மாமாவிடம் நச்சரித்து அரைநாள் லீவு வாங்கி, நாலு பேரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். மழைத் திருடன் மெட்ராஸ் பாஷையில் மிரட்டினான், சிரித்தோம். மலைகள் வந்தபோது வாயைப் பிளந்தோம், பொய் சொல்லமாட்டேன். நான் வாரக்கணக்கில் சொல்லியும் காட்ட முடியாத உயரத்தைப் படம் ஒரே வீச்சில் காட்டியது. ஆனால் ஆறு போய்விட்டது. அங்கே நின்று கேள்வி கேட்க இடமில்லை. கேட்பதற்குள் அடுத்த சண்டை.

வெளியே வந்ததும் கூடலூர் அக்கா நிதானமாகச் சொன்னார்: "படம் நல்லாத்தான் எடுத்திருக்காக. ஆனா இல்லாதவள இருக்கான்னு சொல்லி எங்கள அழுக வச்சியே, இது என்னத்தா நியாயம்?"

"இருக்காக்கா! புத்தகத்துல இருக்கா!"

"ஆப்பரேட்டரு வெட்டிருப்பாரு மதினி" என்று எனக்காகப் பரிந்தாள் கூட வந்தவர்களில் இளையவள். "நேரமாச்சுன்னா பாட்டெல்லாம் தூக்கிருவாகள்ல, அந்த மாதிரி."

அது உண்மை. பஸ் நேரத்துக்குத் தோதாகப் பாட்டை வெட்டி ஓட்டுவது எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் புதிதல்ல. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் ஆப்பரேட்டர் அறைக்குப் படியேறிவிட்டேன். ஓடக்காரியை எங்கே வெட்டினீர்கள் என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாயி, இதுல பாட்டு இல்ல. சண்டைய வெட்டுனா நாற்காலிய ஒடப்பாக. எதத்தான் நான் வெட்டுறது? வந்தபடிதான் ஓட்டுனேன்."

மறுநாள் கிட்டங்கியில் யாரும் கதை கேட்கவில்லை. ரேடியோவைப் போட்டிருந்தார்கள். நான் ஏதாவது கேட்டால் "ம்" என்றார்கள். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் இரண்டாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன், எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டிவிட வேண்டும் என்று. போகிற வழியில், தெருமுனையிலேயே நின்று, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன்.

ஒன்பது வரி.

ஓடக்காரிக்கு மொத்தமே ஒன்பது வரிதான். மகன் இல்லை. கருவாடு இல்லை. அழவில்லை, பாடவில்லை. ஏழு பேரை இறக்கிவிட்டாள், கூலி வேண்டாம் என்றாள், படகைத் திருப்பினாள். அவ்வளவுதான். படித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் ஒரு முழு அத்தியாயம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். படம் எடுத்தவர்கள் தொலைத்தது ஒன்பது வரி. மற்றதெல்லாம் எங்கள் கிட்டங்கியில் விளைந்தது, அதை எந்தப் படம் காட்டும்? இத்தனை நாள் நான் கோபப்பட்டதெல்லாம் யார்மேல்?

திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கால் உள்ளே போய்விட்டது. கூடலூர் அக்கா முன்னால் உட்கார்ந்து, ரேடியோவை அணைத்துவிட்டு, ஒன்பது வரியையும் ஒரு சொல் கூட்டாமல் தமிழில் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்க்கா."

"அப்ப அந்தக் கருவாட்டுப் பொட்டலம்?"

"நாந்தான்."

"அந்தப் பய?"

"நீங்க கேட்டீங்கள்ல, ஆளு இருக்கான்னு. அதுக்கு நான் சொன்னது."

"அடி பொய்க்காரி!" என்றாள் இளையவள். யாரும் சிரிக்கவில்லை. கூடலூர் அக்கா சொளகை இரண்டு தட்டுத் தட்டினார். பச்சைக்குள் கிடந்த ஒரு வெளுத்த காயைப் பொறுக்கித் தள்ளிப் போட்டார்.

"வெளுத்தத பச்சைக்குள்ள கலந்து அனுப்புனா வாங்குற யாவாரி என்ன பண்ணுவாரு? மூட்டையே திரும்பி வந்துரும். வெளுத்த காயும் விக்கும், தனியா வச்சா. நீயும் பிரிச்சுச் சொல்லு. புத்தகத்துக்காரன் சொன்னது இது, நான் சொல்றது இதுன்னு."

"சொல்றேன்க்கா."

"திருப்பிக்கிட்டுப் போனாள்ல, அது புத்தகத்துல இருக்குல்ல? கரைக்குப் போயி என்ன பண்ணுனா?"

"அது இல்ல."

"அப்ப அத நீ சொல்லு. நாளைக்கு." மறுபடி காயில் கை வைத்தார். "காலைல ஜீப்புல ஆள ஏத்திவிட்டுட்டு, வெறுங்கையோட வீட்டுக்கு நடந்திருக்கியா நீ?"

நடந்ததில்லை.

கடிதம் இன்னும் வரவில்லை. புது நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கத்தில் அந்த ஒன்பது வரியைத் தமிழில் எழுதிவிட்டேன். வலது பக்கம் காலியாக இருக்கிறது. நாளை சீட்டு எழுதி முடித்ததும் படகு திரும்பிய இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆனால் முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்: ஏழு பேரை இறக்கிவிட்ட பிறகு துடுப்பு லேசாக இருக்குமா, கனக்குமா? காலையில் போனதும் கூடலூர் அக்காவிடம் அதைத்தான் கேட்க வேண்டும்.