அடியில்லாக் கடவம்

சந்தையில் புதிய கடவம் ஒன்றை, பனையோலையில் முடைந்த பெரிய கூடையை, தூக்கி முகர்ந்தேன். பச்சை ஓலை வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளங்கால் கூசியது.

நாகர்கோவிலில் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து மைதானம் இருந்த இடத்தில் இப்போது கடைகள். அன்று அதன் இரண்டு ஓரத்துப் பனைகளிலும் ஆளுயரத்துக்கு மேலே கடவம் கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு வாத்தியார் பழக்கூடையைத் தொங்கவிட்டுத்தான் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார் என்று டீச்சரம்மா வாசித்திருந்தார். இரும்பு வளையம் வந்த கதை அவருக்குத் தெரியாது. கூடையில் விழுந்த பந்தை யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும். என் அப்பா பனையேறி. அதனால் அந்த யாராவது நான்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

தினமும் மாலையில் பந்து ஓலைக்குள் பொத்தென்று விழுந்ததும் கூச்சலெல்லாம் அடங்கி, அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பும். "ஏட்டி, ஏறு!" பாவாடையை இடுக்கிக்கொண்டு, பனஞ்செதில் உள்ளங்காலைக் கீற ஏறி, பந்தைக் கீழே எறிந்துவிட்டு நான் இறங்குவதற்குள் எதிர்ப் பனையில் மறுபடியும் பொத்.

ஒருநாள் அப்பாவின் பாளை அரிவாளை இடுப்பில் ஒளித்துக்கொண்டு ஏறினேன்.

"ஏட்டி, என்னட்டி செய்யுதே?" என்று கீழே நின்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

கடவத்தின் அடியை அறுத்தேன். பிறகு இறங்கி நின்றேன். அடுத்த பந்து உள்ளே போய், நேரே தரையில் விழுந்து குதித்தது.

டீச்சரம்மா மெதுவாக நடந்துவந்து, அண்ணாந்து, ஓட்டை வழியே வானத்தைப் பார்த்தார். "எதுக்குட்டி அறுத்தே?"

"இனி யாரும் ஏறாண்டாம், டீச்சரம்மா."

பிரம்படிக்குக் கையை நீட்டினேன். அவர் அதில் பந்தை வைத்தார். எத்தனையோ தடவை நான் எறிந்த பந்துதான்; அன்றைக்குத்தான் முதன்முதலாக மேலே எறிந்தேன்.