பீரோவுக்குள் ஒரு கல்யாண மண்டபம்

பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டேதான் சங்கரி யாரிடமும் பேசுவாள். "உக்காரு பெரிம்மா, தோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வரும். உள்ளே துணியும் இல்லை, நகையும் இல்லை. சுற்றிலும் ஒட்டிய வெள்ளைத் தாள், மேலே மூன்று விதமான பல்பு, நடுவில் சாயம் உலர்ந்த பட்டு நூல்.

பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடும் வீடு அவளுடையது. என் ஓர்ப்படியின் தங்கை மகள். அவள் அம்மா அம்மிக்கல்லுக்கே சக்கரம் வைத்து உருட்டியவள். இவள் சும்மா இருப்பாளா? எத்தனை கழுவினாலும் முழங்கை வரை நிறம் தங்கியிருக்கும். அதைப் பார்த்தே இன்றைக்கு என்ன சாயம் என்று தெரு சொல்லிவிடும்.

காலை வெயிலில் நூலை நீட்டிப் பிடித்து நிறம் பார்ப்பது எங்கள் வழக்கம். தை மாதத்தில் அதுவே கவிழ்த்துவிட்டது. ஒரு கல்யாணப் புடவைக்கு உடலுக்கும் கரைக்கும் ஒரே அரக்கு நிறம் கேட்டிருந்தார்கள். இவள் உடல் நூலுக்கு ஒரு சாயப் பொடி, கரை நூலுக்கு வேறு பொடி போட்டாள். வெயிலில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மண்டபத்து விளக்கில் கரை மட்டும் காப்பிக்கொட்டை நிறமாகிவிட்டதாம். மணப்பெண் அழுதாளாம். புடவை விற்ற கடையின் மேலாளர் ஆதிகேசவன், இனி வெளியூர் மிஷின் பட்டறையில் சாயம் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். அவர் நூல் நின்றதும் இரண்டாவது சாயத் தொட்டியைப் பலகை போட்டு மூடினாள். "இன்னொரு தபா வந்து பாருங்கண்ணா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் பீரோ காலியானது. "கல்யாணம் மண்டபத்துல நடக்குதா, வெயில்ல நடக்குதா?" என்பாள்.

புருஷன் குமாரசாமிக்குக் கேலி. "என் வேட்டி கொடியில தொங்குது. நூலு பங்களாவுல குந்திக்கினு இருக்குது."

போன வாரம் ஆதிகேசவன் வந்தார்.

"இன்னாம்மா, சாயத்தைக் காட்டுன்னா பீரோவைக் காட்டறே?"

"தலையை உள்ள வுடுங்கண்ணா."

விட்டார். வெயில் போல ஒன்று, கடை விளக்கு, மண்டப விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். எந்த விளக்கிலும் உடல் நூலும் கரை நூலும் நிறத்தில் பிரியவே இல்லை. அவர் தலையை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். "அந்தப் பச்சை நூலையும் குடு." அதையும் பார்த்தார். "சரிம்மா, ஆவணி முகூர்த்த நூலு பூரா இங்கயே வந்துடட்டும்" என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

சங்கரி கொல்லைப்பக்கம் போய், இரண்டாவது தொட்டியின் மேல் கிடந்த பலகையை இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.