பச்சைப் புள்ளி வைத்த பெட்டி

அந்தக் காலத்தில் ஒரகடம் சாலையில் எந்நேரமும் டிரெய்லர்கள் போய்க்கொண்டிருக்கும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று புத்தம் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போன ஒரு டிரெய்லருக்கு வழிவிட்டுச் சாலையோரப் புழுதியில் ஒதுங்கியபோதுதான் என் கார் நின்றது. நின்றது நின்றதுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் கார் செய்து அனுப்புகிற இடத்தில், கார் ஓடாமல் நிற்பதற்கும் ஒரு ஆள் வேண்டாமா? அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

படப்பையில் எனக்கு ஒரு சின்ன டிராவல்ஸ் இருந்தது. ஒரு வேன் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். சுற்றுவட்டார நிலமெல்லாம் மனைகளாகி, கல்யாணங்கள் பெரிதாகிக்கொண்டிருந்த நேரம். எனக்கும் ஆசை வந்தது. மூன்று கை மாறிய வெளிநாட்டுச் சொகுசு கார் ஒன்றை வாங்கினேன். கறுப்பு நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவைச் சாத்துகிற சத்தம் வரும். ஏசியைப் போட்டால் உள்ளே மார்கழி. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "இனிமே உனக்கு வேற வேலையே இருக்காதுப்பா" என்றார். வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

கார் நின்றது வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை அதற்கு ஒரு கல்யாணம் இருந்தது.

பதிவு செய்தது மணப்பெண்ணேதான். மணிமங்கலத்துப் பெண். செல்போன் கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருநாள் என் ஆபீசுக்குள் வந்து, வெளியே நின்ற காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இத்தினி வருஷமா கம்பெனி பஸ்ஸு. ஜன்னல் சீட்டு கெடைச்சா சாஞ்சிகினு தூங்குவேன், கெடைக்கலன்னா நின்னுகினே தூங்குவேன். எங்க அக்கா புள்ளைக்கு ஞானஸ்நானம்னாகூட பஸ்லருந்து குதிச்சி கார்டோடதான் ஓடினேன். எங்கப்பா இப்ப இன்னா சொல்றாரு தெரியுமா? பஸ் டிரைவர் தெரிஞ்சவராம், கல்யாணத்துக்கும் பஸ்ஸே வுடுறாராம், சொந்தக்காரங்களோட நானும் ஏறிக்கணுமாம்! நான் இந்தக் கார்லதான் போயி எறங்குவேன். பஸ்ல போமாட்டேன்."

சேரப்பணஞ்சேரிப் பக்கத்து மாதா கோயிலில், காலைப் பூசையோடு கல்யாணம். கூட வேலை செய்யும் பெண்களுக்கு லீவு இல்லை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலேயே நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள் என்றாள். அவளுடைய கல்யாணத்துக்கு வேறு எதைப் பற்றியும் அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னதோடு சரி: "நல்லவர்தான்."

காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் முன்னால் நிறுத்தினேன். படப்பைக்காரர், என்னை 'நைனா' என்பார். செல்ஃப் அடித்துப் பார்த்தார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. டிக்கியைத் திறந்தார். உள்ளே பக்கவாட்டு அட்டையைக் கழற்றியதும் ரோஜா இதழ்களும் வெட்டிவேரும் கொட்டின. கல்யாண மாலைகள் வாடாமல் இருக்க ஈரச்சாக்கில் சுற்றி நான் அங்கேதான் வைப்பது வழக்கம்.

"இன்னா நைனா, கார கல்யாணத்துக்கு வுடுறியா, பூ யாவாரத்துக்கு வுடுறியா?" என்றபடி உள்ளேயிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். ஒயர் சாக்கெட் செருகுகிற இடத்துப் பித்தளை முள்ளெல்லாம் பச்சை பூத்து உளுத்திருந்தது. "இதான் போயிடுச்சி. டாங்க்ல பெட்ரோல் கீது, பம்பும் நல்லா கீது. அந்தப் பம்புக்கு எப்ப, எவ்ளோ கரண்ட் குடுக்கணும்னு சொல்ற பொட்டி இது. நடுவுல நின்னு பேசி முடிக்கிற தரகர் செத்துட்டாரு. அதான் கொடுக்கல் வாங்கல் நின்னுபோச்சி."

பம்பின் கண்ட்ரோல் மாட்யூலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

சரி, மாற்றுப் பெட்டி வாங்க வேண்டும். அந்தக் கார்க் கம்பெனியின் சென்னை ஷோரூமுக்குப் போன் செய்தேன். தேன் தடவிய ஒரு பெண்குரல் எடுத்தது. பெட்டி கடல் தாண்டி வர வேண்டுமாம். ஒரு மாதம் ஆகலாமாம். வந்தபிறகு காரையும் அங்கே கொண்டுபோக வேண்டும். கம்ப்யூட்டரை மாட்டி, பெட்டியைக் காருக்கு அறிமுகம் செய்து வைப்பார்களாம்.

"அறிமுகம் செய்யாம மாட்டினா?"

"வண்டி ஏத்துக்காது சார்."

எங்கள் பக்கம் பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு மரியாதை கிடையாது.

பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு டப்பாவைக் காட்டி, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்றார். மெக்கானிக்கிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் பொருந்தும்னா எதுக்கும் பொருந்தாதுன்னு அர்த்தம் நைனா. நீ பேசாம புதுப்பேட்டைக்குப் போ. பழைய பொட்டி ஏற்கெனவே ஒரு வண்டியாண்ட குடும்பம் நடத்தினது, அதுக்கு அறிமுகமெல்லாம் வாணாம். இத எடுத்துகினு போயி சாக்கெட்டு ஒத்துவருதான்னு மட்டும் பாரு. சாக்கெட்டு உள்ள போச்சுன்னா மேட்டர் ஓவர்."

செத்த பெட்டியோடு நான் ஆபீஸ் வாசலுக்கு வந்தபோதுதான் மாடி அறைக்காரர் கீழே இறங்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கம். என் ஆபீசுக்கு மேலே நாலு பேரோடு வாடகைக்கு இருந்தார். ஒரு பெரிய தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவு. அவர் வேலை என்ன தெரியுமா? லைனில் வருகிற ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, சரியாக இருந்தால் பெயிண்ட் பேனாவால் பச்சைப் புள்ளி வைப்பது. புள்ளி இல்லாத பாகம் அடுத்த ஆளிடம் போகக் கூடாது. பழக்கம் அறை வரைக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டரைச் சோதித்துவிட்டுப் புள்ளி வைப்பார். தண்ணீர்க் கேனை முகர்ந்துவிட்டுப் புள்ளி வைப்பார். ஒருநாள் கடையில் வாங்கிய தேங்காயில்கூடப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நானும் வாரேன். நல்ல பீஸ் எது, நொள்ளை பீஸ் எதுன்னு பாத்த ஒடனே சொல்லிருவேன். அதான நம்ம சோலியே."

எனக்கும் யானை பலம் வந்த மாதிரி இருந்தது. தொழிற்சாலையே நம்மோடு கிளம்பி வருகிறதே!

புதுப்பேட்டையில் காரைத் தவிரக் காரில் உள்ள எல்லாமும் கிடைக்கும். கதவு மாலைகள், ஸ்டியரிங் தோரணங்கள், குவியலாகக் கண்ணாடிகள். நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் ஒரு பாய் எங்கள் செத்த பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து எதிரே வைத்தார்.

முதலாவது பார்க்கச் சகிக்கவில்லை. கிரீஸும் புழுதியும் அப்பி, ஒரு மூலை தேய்ந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் எண் அச்சு அசலாக எங்கள் பெட்டியின் எண். இரண்டாவது பளிச்சென்று இருந்தது. எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஆனால் நெற்றியில், குங்குமம் வைக்கிற இடத்தில், ஒரு பச்சைப் புள்ளி.

மாடி அறைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருவிழாக் கூட்டத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி மலர்ந்தார்.

"இதான் அண்ணாச்சி, இத எடுங்க!"

"கடைசி எழுத்து மாறுதேப்பா?"

"அது இனிஷியல் மாதிரி அண்ணாச்சி. இனிஷியல் மாறுனா ஆளு மாறிருவானா?"

"சொத்து மாறிடும்" என்றார் பாய், பீடாவை மென்றுகொண்டே.

மாடி அறைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்த அழுக்குப் பீஸ்ல மார்க்கே இல்ல. மார்க் இல்லன்னா அத ஒருத்தரும் செக் பண்ணலைன்னு அர்த்தம். எங்க லைன்ல அத வச்சா சூப்பர்வைசர் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. பாய், இந்தப் பச்ச மார்க்கு யாரு வச்சது?"

"நான்தான் வெச்சேன்" என்றார் பாய்.

"பாத்தீகளா? கடைக்காரரே செக் பண்ணி வச்சிருக்காரு!"

அதற்குமேல் என்ன வேண்டும்? பாய் எடுத்துக் கொடுத்த ஒரு பழைய ஒயர் சாக்கெட்டை எங்கள் பெட்டியில் ஒப்பிட்டு, மற்ற இரண்டிலும் செருகிப் பார்த்தோம். இரண்டிலும் போனது. மெக்கானிக்கின் சட்டப்படி இரண்டும் பாஸ். நான் என் கல்வியையெல்லாம் பயன்படுத்தி, அழகாக இருந்ததை எடுத்துக்கொண்டேன். மனிதன் வேறு எதைத்தான் பார்த்து எதை எடுக்கிறான்?

சனிக்கிழமை மாட்டினோம். முதல் சாவியிலேயே இஞ்சின் பிடித்தது. மெக்கானிக் கையைத் தட்டினார். மாடி அறைக்காரர் அவையடக்கத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரகடம் பக்கம் போனோம். கார் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம்தான். பிறகு ஒரு சின்ன விக்கல், அப்புறம் மௌனம். டிக்கியில் கையை வைத்தால் பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. ஆறவிட்டு எடுத்தால் மறுபடி வெண்ணெய், மறுபடி விக்கல்.

பாய்க்குப் போன் போட்டேன்.

"பச்சப் புள்ளி வெச்சதா? அது ரிட்டன் வந்த சரக்கு தலைவா. ஒருதபா வித்து, சூடாவுதுன்னு திரும்பி வந்துச்சி. அடையாளம் தெரியணும்ல, அதுக்குத்தான் புள்ளி."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பாய்?"

"யாரு வெச்சதுன்னு கேட்டீங்க, சொன்னேன். ஏன் வெச்சேன்னு யாருனா கேட்டீங்களா? கூட வந்தவரு ரொம்ப வெவரமா பேசினாரு. பெரிய ஆளு, தெரிஞ்சிதான் கேக்கறாருன்னு நெனச்சேன்."

அந்த அழுக்குப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். நாங்கள் கிளம்பிய பிறகு வந்த ஒருவர், பேரம்கூடப் பேசாமல், எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். எந்தக் கம்பெனியிலும் வேலை செய்யாதவராக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்துக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். அவள் கையில் மருதாணியோடு வாசலுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வேறு ஒரு நல்ல வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"வேற வண்டின்னு வாயத் தொறந்தாலே எங்கப்பா பஸ்ல ஏத்திடுவாரு. ரெடியா கீறாரு" என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எவ்ளோ தூரம் ஓடுது?"

"பொட்டி சூடாவுற வரைக்கும்."

"ஆறுனா மறுபடி ஓடும்ல? அப்போ நடுவுல ஒரு டீ டைம் குடுத்துடலாம்."

"காருக்கா?"

"எங்க லைன்ல மிஷினுக்குத்தான் மொதல்ல பிரேக்கு குடுப்பாங்க. அப்புறம்தான் எங்களுக்கு." மருதாணிக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டே திட்டம் போட்டாள். படப்பை தாண்டியதும் ஏரிக்கரையில் நிறுத்துவது. யாராவது கேட்டால், போட்டோ எடுக்க என்று சொல்வது. "இன்னா ஆனாலும் நான் பஸ்ல ஏற மாட்டேன்ணா. சொல்லிட்டேன்."

மறுநாள் காலை திட்டம் ஜோராக நடந்தது. முன் சீட்டில் மாடி அறைக்காரர், குற்றம் செய்தவர் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரையில் நிறுத்தியதும் அவள் வெள்ளைப் புடவையில் தண்ணீர் ஓரம் நின்றாள். போட்டோக்காரர், இந்த மாதிரி யோசனை சினிமாக்காரர்களுக்கே வராது என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பக்கம் மாடி அறைக்காரர் டிக்கிக்குள் தலையை விட்டு, கல்யாணப் பத்திரிகையால் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களோடு பின்னால் வேனில் வந்த அவள் அப்பா இறங்கி, "இவுரு இன்னா பண்றாரு?" என்றார். "மாலைக்குக் காத்து வுடுறாரு" என்றேன்.

மறுபடி கிளம்பினோம். கோயில் மணி கேட்கத் தொடங்கியது. கோபுரத்துச் சிலுவையும் தெரிந்தது. தெரிந்ததும் கார் விக்கியது. நின்றது.

பின்னாலேயே ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தால், கம்பெனி பஸ். நைட் ஷிப்ட் முடித்த தோழிகள் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். டிரைவர் தலையை நீட்டி, "இன்னா, நின்னுபோச்சா? பொண்ண இதுல ஏத்துங்க, ரெண்டு நிமிஷத்துல வுட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அவள் அப்பாவும் வேனிலிருந்து இறங்கி, அதைத்தான் சொன்னேன் என்கிற முகத்தோடு வந்தார்.

அவள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள்.

பின் சீட்டில் அவள் கண் நிறைந்துவிட்டதை நான் முன் கண்ணாடியில் பார்த்தேன். அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடி இல்லை.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவள் ஒரு ஒல்லிப் பெண். நேராக வந்து கண்ணாடியைத் தட்டினாள். "ஏய், ஏன்டி அழுவுற? மை கலையப்போவுது. நீ எறங்காத, குந்து. நாங்க எதுக்கு கீறோம்?" திரும்பிக் கத்தினாள்: "எல்லாம் எறங்குங்கடி!"

நீல யூனிபாரத்தில், அடையாள அட்டைகள் ஆட, ராத்திரி முழுக்க நின்று வேலை செய்த அத்தனை பெண்களும் இறங்கி வந்தார்கள். டிக்கியில் சிலர், பக்கவாட்டில் சிலர் கையை வைத்தார்கள். மாடி அறைக்காரரும் தள்ளப் போனார். "நீதான் பாத்து வாங்கினவராண்ணே? கொஞ்சம் ஒதுங்கி வா" என்றாள் ஒல்லிப் பெண். விஷயம் ஏற்கெனவே லைன் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கார் நகர்ந்தது. இஞ்சின் இல்லாமல் அந்த ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லைத் திருப்புகிற மாதிரி. நான் வியர்வையில் குளித்தேன். பின் சீட்டிலிருந்து அவள் கண்ணாடியை இறக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சூப்பர்வைசர் மாதிரி குரல் கொடுத்தாள்: "இன்னாங்கடி தூங்கறீங்க? புரொடக்‌ஷன் வர்ல!"

"மவளே, கல்யாணம் முடிஞ்சி லைனுக்கு வா, உனக்கு இருக்கு!"

சிரிப்பும் மூச்சிரைப்புமாகக் கோயில் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்துவிட்டேன். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, முதலில் வலது காலை வைத்து இறங்கினாள். காரின் வாலைப் பிடித்தபடியே ஊர்ந்து வந்து நின்ற பஸ்ஸை ஒருதரம் பார்த்தாள். ஆளில்லாத சீட்டுகளோடு அது காலி பஸ்ஸாக நின்றிருந்தது.

"பாத்தீங்களா அண்ணா," என்றாள், "பஸ்ஸு நம்ம பின்னாடிதான் வந்துச்சி."