வேன் அக்கா பேசும் ஜெபம்

சிவப்பு விளக்கு விழுந்ததும் வேன் அக்கா ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். "ஆண்டவரே, பின்னால நிக்கிற லாரிக்காரரு ஹாரன்ல இருந்து கையையே எடுக்க மாட்டேங்கிறாரு. வீட்ல யாருக்காவது முடியலையோ என்னவோ. பாத்துக்கங்க." பச்சை விழுந்தால் பேச்சு அந்த இடத்தில் அறுந்து, அடுத்த சிக்னலில் தொடரும். ஆமென் சொல்வது பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான்.

கண் மட்டும் மூடுவதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "மூடினா இருபத்திரண்டு பிள்ளைங்களும் நேரா அவர்கிட்டயே போய்ச் சேர்ந்துடும் டீச்சரம்மா" என்றார்.

அந்த வேனின் முன் இருக்கையில் நான்கு வருடமாக நானும் போய் வருகிறேன். அக்காவுக்குப் பிள்ளைகளின் பெயர் தங்காது. ஏறும் இடம்தான் பெயர். 'மூணாம் நம்பர் கேட்டு' வாந்தியெடுக்கும், அதற்கு ஜன்னலோரம். 'மருந்துக்கடை' தூங்கிவிடும், அதைக் கடைசியில் எழுப்ப வேண்டும். காலையில் நான்கு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுவார். ஐந்தாவதாகத் தன் இடுப்பிலும் ஒரு தட்டு; அதுவும் தேய்ந்த டயர்தானாம்.

எப்போதும் இப்படிப் பேச்சு வழக்கில் ஜெபித்தவர் இல்லை. எங்கள் சபையில் அவருடைய ஜெபத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. 'தேவரீர்' என்று தொடங்கினால் ஓர் இடத்திலும் தட்டாமல் ஓடும். வீடு குடிபுகுவதற்கு, பரீட்சைக்கு, ஆபரேஷனுக்கு என்று ஆளாளுக்கு வந்து அழைத்துப்போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். பெரிய கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர், மூன்றாவது மாடி. உயிர் இருந்தது, நினைவு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த நீல நாற்காலியில் அக்கா உட்கார்ந்தார். சபைப் பெண்கள் முறைபோட்டு வந்து ஜெபித்தார்கள். எல்லோர் வாயிலும் அக்காவின் பழைய சொற்கள்தான். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, சேலை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். சாப்பாட்டைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வார். திரும்ப வாங்கும்போது அப்படியே இருக்கும்.

பன்னிரண்டாவது நாள் பள்ளி விட்டதும் நான் போனேன். போதகர் வந்திருந்தார், நாத்தனாரும் இருந்தார். மருத்துவர் அப்போதுதான் எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று நீங்களே ஜெபியுங்களேன் என்று போதகர் மெல்லக் கேட்டார். அக்கா எழுந்து நின்றார். "கிருபையுள்ள பிதாவே, தேவரீர்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. நாங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தோம். மறுபடி அக்கா பேசியபோது அது வேறு குரலாக இருந்தது.

"எனக்கு உங்க மேல கோவமா இருக்கு. பன்னெண்டு நாளா உங்க முன்னாடி நடிச்சிட்டு இருக்கேன். உங்க சித்தப்படி ஆகட்டும்னு எல்லாரும் சொல்லச் சொல்றாங்க. எனக்குச் சொல்ல வரல. எனக்கு அவரு வேணும். அவரு இல்லாம வீட்டுக்குள்ள எப்படி நுழைவேன்னு தெரியல. உங்கள விட்டுட்டுப் போகலாம்னு பாத்தா, எங்க போறதுன்னும் தெரியல. பயமா இருக்கு. அவ்ளோதான்."

"அண்ணி, பாஸ்டர் இருக்காரு" என்று நாத்தனார் முழங்கையைப் பிடித்து இழுத்தார். போதகர் வேண்டாம் என்று கையால் தடுத்தார். ஒரு வசனமும் சொல்லவில்லை. 'ஆமென்' மட்டும் சொன்னார்.

அக்கா உட்கார்ந்தார். என் தோளில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். பன்னிரண்டு நாளில் முதல் ஆழ்ந்த தூக்கம். என் கை மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. எழுந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த சாப்பாட்டைத் தானாகவே பிரித்தார். "அவருக்கு ஒண்ணும் மாறல டீச்சரம்மா. எனக்குத்தான் மூச்சு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

பத்தொன்பதாவது நாள் கணவர் கண் திறந்தார். பேச்சு வர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. முதலில் கேட்டது, "வேன யாரு ஓட்றா?" உங்கள் தம்பிதான் என்று அக்கா சொன்னதும் அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "போச்சு, கிளச்சு போச்சு." அக்கா வராந்தாவுக்கு ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுகிறாரோ என்று பதறிய நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடிக்கும்போதுதான் அழுதார்.

கடவுள் செய்த நன்மை என்று இதைச் சபையில் எல்லோர் முன்பும் சாட்சி சொல்லக் கேட்டபோது மறுத்துவிட்டார். "நான் கோவப்பட்டதால அவரு எழுந்தாருன்னு ஆயிடும். பக்கத்துக் கட்டில் அம்மாவும்தான் கதறினாங்க. அவங்க பையன் எழுந்திரிக்கலையே." அந்த அம்மாவை இன்றும் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

கணவர் இப்போது இடது காலை இழுத்து நடக்கிறார். கேட்டுக்கும் கதவுக்கும் மட்டும் வண்ணம் அடிக்கிறார். ஸ்டூலில் ஏறினால் இன்னொரு காலையும் நானே உடைப்பேன் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண்ணும் வேனில் இருந்தார். கடைசி இருக்கையில், ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு. பாதி வழியில், தனக்காக ஜெபிக்க முடியுமா என்று கேட்டார். "நானும் சர்ச்சுக்குப் போறவதான்க்கா. ஆனா நாலு வார்த்தை கோர்வையா வராது."

அக்கா வண்டியை ஒரு மர நிழலில் ஓரங்கட்டினார். "நானும் பண்றேன். முதல்ல நீயே பேசும்மா. இப்ப என்கிட்ட பேசின மாதிரியே பேசு."

பின்னால் ஸ்கேன் உறை சரசரத்தது. பிறகு, "ஆண்டவரே, எனக்கு..." என்று அந்தக் குரல் உடைந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார்.