ரோட் டேக்ஸ் என்று நான் படித்த காகிதம்

ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். டொக்... டொக்... கிள்ளானில் இருந்த அந்த வண்டி வியாபாரியின் ஆபீசை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது இந்தச் சத்தம்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் டைப்பிஸ்ட். டைப் அடிப்பதோடு புரூஃப் பார்ப்பதும் என் தலையில்தான். கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால்கூட முதலாளி ஆடித் தீர்த்துவிடுவார். அதனால் நான் ரொம்பக் கவனமான ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு...

வீட்டில் மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் தமிழ்ப்பள்ளியோடு நிறுத்திக்கொண்டு லோரி ஓட்டப் போனவர். பேச்சு மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து என்றால் என்னிடம் நீட்டிவிடுவார். எந்தக் கடிதம் வந்தாலும், "எங்க என் தங்கச்சி?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் பத்து வருடம் லோரி ஓட்டியவருக்கு அந்த வருடம் ஒரு வழி திறந்தது. உலு லங்காட் காட்டுப்பக்கம் நிலம் அளக்கும் ஆட்களையும் அவர்களுடைய சாமான்களையும் தினமும் ஏற்றிப்போகும் காண்ட்ராக்ட். முழுக்கச் சேற்றுப் பாதை. சொந்தமாக ஒரு ஃபோர்வீல் வண்டி வேண்டும். ஒன்றாம் தேதி வண்டியோடு வந்து நிற்க வேண்டும்.

அண்ணன் வேலையை விட்டார். மோட்டார் சைக்கிளை விற்றார். அதுதான் டெபாசிட்.

வியாபாரி நம் ஆள்தான். அவர் காட்டிய வண்டி, அணை கட்ட வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விற்றுவிட்டுப் போனது.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு தம்பி. ரோட் டேக்ஸ் மட்டும் உங்க பக்கம். மத்த பேப்பரெல்லாம் நா பாத்துக்குறேன் லா."

அண்ணன் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "படிச்சுப் பாரும்மா."

படித்தேன். சத்தமாக, வேகமாக... உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அலட்டலாகவும்தான். எந்த வரி வாங்குபவர் பொறுப்பு என்று போட்டிருந்த இடம் வந்தது.

"சுக்காய் ஜாலான்... ரோட் டேக்ஸ்தான் அண்ணே. அவரு சொன்ன மாதிரியேதான் இருக்கு. சைன் போடுங்க."

போட்டார்.

ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது வியாபாரி கூப்பிட்டு அனுப்பினார். இருவரும் போனோம்.

"சேல்ஸ் டேக்ஸ் கட்டணும் தம்பி. கம்பெனி வரி இல்லாம இறக்குன வண்டி இது. இப்ப கட்டி, கஸ்டம்ஸ் லெட்டர் வந்தாத்தான் கிராண்ட்ல, வண்டி ரெஜிஸ்டர் கார்டுல, உங்க பேரு ஏறும்."

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ரோட் டேக்ஸ் மட்டும்னுதானே பாஸ் சொன்னீங்க?"

"நா எதயும் ஒளிக்கலையே. எழுதித்தானே இருக்கு? உங்க தங்கச்சிதானே படிச்சாங்க?"

காகிதத்தைத் திருப்பி, என் முன்னால் விரலை வைத்தார்.

சுக்காய் ஜாலான் இல்லை. சுக்காய் ஜுவாலான். முதலாவது ரோட் டேக்ஸ். இரண்டாவது விற்பனை வரி. மலாயில் எழுதும்போது நடுவில் ஒரே ஒரு 'யூ' கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆள் வாயால் சொன்னதைத்தான் நான் காகிதத்தில் பார்த்திருக்கிறேன்.

அவர் தெரிந்தே செய்தார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ஆனாலும் படித்தது அவர் இல்லையே... சிரித்த முகத்தோடு எங்களுக்கு டீ வரவழைத்தார். வெட்கமில்லாமல் அந்த டீயை நான் குடித்தேன்.

அந்த வரி ரோட் டேக்ஸைவிடப் பல மடங்கு. கடன் கேட்டு ஒரு வாரம் அண்ணன் ஏறாத படி இல்லை. ஒன்றாம் தேதி உலு லங்காட்டுக்கு வேறு யாருடைய வண்டியோ போனது. டெபாசிட் திரும்பக் கிடைக்காது என்றும் அதே காகிதத்தில் இருந்தது. அதை மட்டும் சரியாகப் படித்திருந்தேன்.

பழைய தவுக்கே, அதாவது அந்தத் தொழிற்சாலை முதலாளி, அண்ணனைப் புது ஆள் சம்பளத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். மோட்டாரும் போய்விட்டதால் தினமும் விடிவதற்குள் எழுந்து ஃபேக்டரி பஸ்ஸுக்கு நடப்பார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். இரண்டு மாதம் கழித்து, தன் பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்து வீட்டு அங்கிளிடம் போவதைப் பார்த்தேன். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் ஒரு காகிதம்கூட என் கைக்கு வரவில்லை.

இப்போது காலம் எங்கேயோ போய்விட்டது. வாரக் கடைசியில் நண்பர்களோடு சேற்றில் ஓட்டி விளையாட, அண்ணன் மகன் போன மாதம் செராஸில் ஒரு ஃபோர்வீல் வாங்கினான். பிழைப்புக்காகச் சேற்றில் இறங்க அவன் அப்பாவுக்குக் கிடைக்காத வண்டி, இன்று ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்கு இறங்குகிறது. கார்பன் பேப்பரும் இல்லை, கஸ்டம்ஸ் லெட்டரும் இல்லை. எல்லாம் டேப்லட்டில். விரலால் கையெழுத்து.

ஷோரூமில் அவன் அந்த டேப்லட்டை என்னிடம் நீட்டினான். "அத்த, எல்லாம் மலாய்ல இருக்கு. ஒரு வாட்டி பாத்துருங்களேன்."

நான் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணன் சொன்னார். எழுபது தாண்டிய குரல். அதில் துளிக் கோபமில்லை.

"அத்தைக்கு எதுக்குப்பா சிரமம்... நீயே படிச்சுக்கோ லா."

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தேன்.