அப்பாவின் பிக்கப்பில் ஏர்கோன்

அப்பாவின் பழைய பிக்கப் வண்டி இன்று ரோட்டில் இறங்கியது.

வீட்டு வாசலில் வைத்துத்தான் அப்பாவும் தம்பியும் நானும் அதைப் பழுதுபார்க்கப் பிரித்தோம். வேலை பாதியில் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். மீதியை நானும் தம்பியும் முடித்தோம். அப்பா கடைசிவரை வேண்டாம் என்ற, உள்ளே குளிரூட்டும் ஏர்கோனையும், அம்மா கேட்டதால், பொருத்தினோம்.

தம்பி ஓட்ட, முன் சீட்டில் அம்மாவோடு மூவரும் நெருக்கி உட்கார்ந்து பாகான் டாலாம் வரை போனோம். எண்ணெய் நிலையத்தில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் ஓடி வந்து கதவைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணன் இருந்தா இந்த ஏர்கோன போட விட்டிருக்க மாட்டாரு லா.”

“அதான் அவரு இல்லையே,” என்றார் அம்மா. பிறகு என்னிடம், “கண்ணாடிய ஏத்துமா, குளிரெல்லாம் வெளிய போவுது.”

ஏற்றினேன். அவர் வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அப்பாவை எடுத்த அன்றும் இப்படித்தான் இருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும்போது அம்மா, “சீட்டு உறைய மாத்தணும்,” என்றார்.

எங்கள் வீட்டில் அழுவதற்கு இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை. உங்கள் வீட்டில் யார் முதலில் ஆரம்பித்தார்கள்?