இரத்தம் தெரிகிற சொக்ஸ்

சொக்ஸுக்கு இடது வலது உண்டென்று ஒக்லாந்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில், விளையாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றின் சுவர் முழுக்கச் சொக்ஸ். ஓடுவதற்கு ஒன்று, மலையேற ஒன்று, டென்னிஸுக்கு ஒன்று; விரல் பக்கத்தில் எல், ஆர் என்று எழுத்து வேறு. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று நானும் என் கணவர் அந்தோனியும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். பிக்கிள்போல் விளையாடச் சொக்ஸ் வாங்க வந்திருந்தோம். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். பாட்மின்டனுக்குப் போல ஒரு களம், மேசைப்பந்து மட்டையைப் பெருப்பித்ததுபோல ஒரு மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, அவ்வளவுதான் விளையாட்டு. இங்கே தலை நரைத்தவர்கள் பாதிப் பேருக்கு அதில் பைத்தியம்.

அந்தோனிக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதங்கள் இரண்டும் மரத்துவிட்டன. விளையாடலாம், ஆனால் சொக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும், விரலடியில் தையல் இருக்கக்கூடாது, கணுக்காலை இறுக்கக்கூடாது என்று கால் பார்க்கிற டொக்டர் சொல்லியிருந்தார். ஏன் வெள்ளை என்று நான் கேட்டேன். புண் வந்தாலும் இவருக்கு நோகாது, இரத்தத்தைக் கண்ணால் கண்டுதான் அறிய வேண்டும் என்றார். கடையில் இவர் எடுத்ததோ கறுப்பு. தடிப்பானது, பாதத்தைக் கவ்விப் பிடிப்பது.

"விளையாடுற இடத்திலை எல்லாரும் கறுப்புத்தான் போடுறாங்கள். நான் மட்டும் வெள்ளையோடை போய் வருத்தக்காரன் மாதிரி நிக்கிறதே? நீர் பேசாம வாரும்" என்றார்.

அந்தக் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. மன்னாரில் கணிதம் படிப்பித்த மனிதர் இங்கே ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறார். அந்தக் களஞ்சியசாலையில் அவரைக் கூப்பிட ஒரு விசில் போதும். பிக்கிள்போல் மண்டபத்தில் மட்டும்தான் அவர் டோனி. ஒருநாள் பிந்திவிட்டால் "டோனி எங்கே?" என்று போன் வரும். இந்த நாட்டில் அவரைக் காணவில்லை என்று தேடியவர்கள் அவர்கள்தான். நானும் விட்டுக்கொடுத்து, கறுப்போடு வெள்ளையும் சேர்த்து வாங்கினேன். வெள்ளையைத்தான் போடுவேன் என்று வாக்குத் தந்தார்.

வாக்கை நான் நம்பியிருக்கக்கூடாது. அதற்கு முதல் கிழமைதான் டொக்டரின் அறையில் ஒரு கூத்து நடந்தது. இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நூல்போல ஒரு நைலோன் நூலால் உள்ளங்காலில் தொட்டார்கள். பட்டதாகத் தெரிந்தால் "யெஸ்" சொல்ல வேண்டும். இவர் கணக்குப் பார்த்ததுபோல இடைவெளி விட்டு, உறுதியாக, யெஸ், யெஸ் என்றார். மூலையில் இருந்த எனக்கு முதலில் சந்தோஷம். பிறகு பார்த்தால், டொக்டர் தன் கையைத் தன் மடியில் வைத்திருக்கிறார். நூல் எங்கும் படவில்லை. இவர் இன்னும் யெஸ் சொல்லிக்கொண்டிருந்தார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

காரில் வைத்து ஏனப்பா இந்தப் பொய் என்று கேட்டேன்.

"கேக்கிறவன் என்ன எதிர்பாக்கிறானோ அதைச் சொல்லித்தானே இவ்வளவு காலமும் தப்பினனாங்கள்" என்றார்.

ஊரில் போர்க்காலத்தில், சென்றி என்கிற ஆமிச் சோதனைச்சாவடிகளில் இவருக்குப் பின்னால் நின்றவள் நான். ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்பது பாதி விளங்காது. விளங்க முதலே தலையாட்டிவிட வேண்டும். யோசிக்கிறவனைத் தனியே கூட்டிக்கொண்டு போவார்கள். இவரோடு பஸ்ஸில் வந்த சக ஆசிரியர் ஒருவர் ஒரு நிமிடம் யோசித்தார். அவரை நாங்கள் பிறகு காணவில்லை. இங்கே கேட்ட டொக்டருக்கு உண்மை மட்டும்தான் தேவைப்பட்டது. அதைச் சொல்ல இவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

வாக்குத் தந்தவர், வீட்டில் இருந்து வெள்ளையோடு போய், மண்டபத்தில் கறுப்புக்கு மாற்றியிருக்கிறார். மழை நாளொன்றில் அவருடைய பையைத் துவைக்கக் கொட்டினேன். கறுப்புச் சொக்ஸ் ஒன்று கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. வியர்வை என்றுதான் நினைத்தேன். வாளியில் போட்டு ஊற விட்டுத் திரும்பிப் பார்த்தால் தண்ணீர் சிவந்திருந்தது. இவரைக் கதிரையில் இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் காலின் கடைசி இரண்டு சின்ன விரல்களுக்கும் கீழே தையல் உரசி உரசி ஒரு குழி. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. இவர் அதை அடுத்த வீட்டுக்காரனின் கால்போலப் பார்த்துவிட்டு, "நோகேல்லையப்பா" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதல்நாள் இந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாஓரி நேர்ஸ் வந்து, எடுப்பதைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டார். அப்புறப்படுத்துகிற வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று இவர் நினைத்துவிட்டார். வேண்டாம், எறிந்துவிடுங்கள் என்றார் அவசரமாக. நேர்ஸ் கட்டிலோரம் இருந்து ஆறுதலாகச் சொன்னார்.

"உடம்பில் இருந்து பிரிவதை நாங்கள் எங்கள் சொந்த மண்ணில் புதைப்போம். உங்களுக்கு எந்த மண்?"

அந்தோனி என் பக்கம் திரும்பினார். "அப்பாவும் அம்மாவும் மன்னார்ச் சேமக்காலை மண்ணுக்குள்ளை கிடக்கினம். இஞ்சை இருக்கிறது வாடகை வீடு. விட்டிட்டுப் போகேக்க கிண்டி எடுத்துக்கொண்டோ போறது?"

நேர்ஸுக்கு நான் இதை மொழிபெயர்க்கவில்லை. தாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த விரல்கள் குப்பைக்குப் போவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆழமான பூச்சாடி ஒன்று வாங்கினேன். மண்ணும் பையில் அடைத்துக் கடையில்தான் விற்கிறார்கள். எந்த இடத்து மண் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அடியில் அவர்கள் விரல்களை வைத்துத் தந்த சின்னப் பெட்டியை வைத்து, மேலே செவ்வந்தி நட்டு, ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன். ஒக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் தங்கிப் படிக்கிற மகளுக்குப் போனில் சொன்னபோது, "அம்மா, இட்ஸ் வியர்ட்" என்றாள். பிறகு அவளும் அழுதாள். மண்டபத்தில் இருந்து அழைப்பு வந்தால் இவர் எடுப்பதில்லை.

போன கிழமை வாடகை வீட்டைப் பார்க்கிற முகவர் பரிசோதனைக்கு வந்தாள். அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், சாடி வைத்தால் வாசல் மரத்தளத்தில் கறை பிடிக்கும், தள்ளி வையுங்கள் என்று சிரித்தபடி சொன்னாள். நான் தனியே இழுத்து நகர்த்தினேன். அந்தோனி ஊன்றுகோலோடு கதவடியில் நின்றார்.

"எங்கை வச்சிருக்கிறீர்?"

"வேலியோரம்."

"அங்கையே இருக்குமோ?"

"இப்போதைக்கு" என்றேன்.